உலக மருத்துவத்தில் முதுநிலைப் படிப்பு: வார்டிலிருந்து வகுப்புக்குப் போகிறவர்கள் தடுமாறும் இடங்கள்

உலக மருத்துவம், உலக சுகாதாரம், வெப்பமண்டல மருத்துவம், பொதுச் சுகாதாரம் என்று பல பெயர்களில் படிப்புகள் உண்டு. பெயரைப் பார்த்து விண்ணப்பிக்காதீர்கள். கட்டாயப் பாடங்களின் பட்டியலை மட்டும் எடுத்துப் பாருங்கள். எபிடெமியாலஜியும் (மக்கள் கூட்டத்தில் நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்ற படிப்பு) புள்ளியியலும் முதல் பருவத்தை அடைத்துக்கொண்டிருந்தால், திட்டம் தீட்டுவதற்கும் ஆய்வுக்கும் ஆள் தயார் செய்கிறார்கள் என்று அர்த்தம். ஒட்டுண்ணியியலும் மைக்ரோஸ்கோப் வேலையும் அதிகம் இருந்தால், நோயாளியைப் பார்க்கப் போகிறவருக்கான படிப்பு அது. எதைப் படித்தாலும், இன்னொரு நாட்டில் மருத்துவம் பார்க்கும் உரிமம் அதனால் மட்டும் கிடைத்துவிடாது. பலர் இதைச் சேர்ந்த பிறகுதான் விசாரிக்கிறார்கள்.

நோயாளி பக்கமே நிற்க விரும்பும் டாக்டர்களுக்கு எம்.எஸ்சி தேவையே இல்லாமல் போகலாம். பிரிட்டனில் 1898-இல் தொடங்கிய லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியும் 1899-இல் தொடங்கிய லண்டன் பள்ளியும் இந்தத் துறையின் பழைய வீடுகள். அங்கே நடக்கும் வெப்பமண்டல மருத்துவ டிப்ளமோ சுமார் மூன்று மாதப் படிப்புதான். செவிலியர்களுக்கென்று தனி டிப்ளமோவும் உண்டு.

பிரிட்டனில் எம்.எஸ்சி என்றால் 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. ஆக மொத்தம் 1,800 மணி. வேலை பார்த்துக்கொண்டே இரண்டு வருடத்தில் முடிக்க நினைத்தால், வருடத்துக்கு 45 வாரம் படித்தாலும் வாரம் 20 மணி நேரம் வேண்டும். நைட் டியூட்டி பார்ப்பவருக்கு இது நடக்காத காரியம். மூன்று வருடமாகப் பிரித்தால் வாரம் 13 மணி சொச்சம், சமாளிக்கலாம்.

விண்ணப்பக் கட்டுரையில் 'ஏழைகளுக்குச் சேவை செய்ய ஆசை' என்று எல்லோரும் எழுதுகிறார்கள். உங்கள் வேலையில் தினமும் இடிக்கும் ஒரே ஒரு பிரச்சினையை எழுதுங்கள். பிரசவ வார்டு செவிலியர் 'தாய்-சேய் நலத்தில் ஆர்வம்' என்று எழுதுவதைவிட, பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் ரெஃபர் செய்ததற்கும் ரத்தம் ஏற்றியதற்கும் இடையில் நேரம் எங்கே போகிறது என்று கேட்டால், தேர்வுக்குழு நிமிர்ந்து உட்காரும். பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்குக் குறைந்தது 2,800 மணி நேர வேலை அனுபவம் காட்ட வேண்டும். படித்து முடித்ததும் சொந்த நாட்டில் இரண்டு வருடம் இருக்க வேண்டும். வெளிநாட்டிலேயே தங்கிவிடும் எண்ணம் இருந்தால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சேர்ந்த பிறகு சறுக்குவது மருத்துவ அறிவில் அல்ல. எதிரே படுத்திருக்கும் ஒருவரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, 'எத்தனை பேரில் எத்தனை பேர்?' என்ற கேள்வி சட்டென்று வராது. அங்கேதான் மதிப்பெண் போகிறது. ஒரு டெஸ்டின் சென்சிட்டிவிட்டி (நோய் உள்ளவரை பாசிட்டிவ் என்று காட்டும் விகிதம்) 95%, ஸ்பெசிஃபிசிட்டி (நோயில்லாதவரை நெகட்டிவ் என்று காட்டும் விகிதம்) 95% என்று வைத்துக்கொள்வோம். நோய் உள்ளவர்கள் 1% மட்டுமே. 10,000 பேரில் 100 பேருக்கு நோய். அவர்களில் 95 பேர் பாசிட்டிவ். நோயில்லாத 9,900 பேரிலும் 495 பேர் பாசிட்டிவ் ஆவார்கள். 590 பாசிட்டிவில் உண்மையானது 95 மட்டுமே, அதாவது 16%. சூத்திரத்தை மனப்பாடம் செய்யாமல், இப்படி 10,000 பேரை வைத்து நான்கு கட்டம் போட்டுப் பழகினால் பரீட்சையில் கை நடுங்காது.

கட்டுரை வினாக்களிலும் இதே கதைதான். 'ஒரு மாவட்டத்தில் காசநோய்க் கட்டுப்பாடு ஏன் தேங்கியிருக்கிறது?' என்று கேட்டால், மருந்துகளின் டோஸை இரண்டு பக்கம் எழுதிவிடுகிறார்கள். திருத்துபவர் தேடுவது வேறு: நோயாளி எந்தக் கட்டத்தில் விட்டுப்போகிறார், செலவு யார் தலையில் விழுகிறது, முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பது.

ஆய்வகத் தேர்வு இருந்தால் மலேரியா ஸ்லைடில் கவனம் வையுங்கள். மெல்லிய ரத்தப் பூச்சை மெத்தனாலில் நிலைப்படுத்த வேண்டும். தடித்த பூச்சின் மீது மெத்தனால் படவே கூடாது. பட்டால் சிவப்பணுக்கள் கரையாமல் அப்படியே நின்றுவிடும், ஒட்டுண்ணியைப் பார்க்க முடியாது. ஒரே ஸ்லைடில் இரண்டையும் போடும்போது, மெத்தனாலோ அதன் ஆவியோ தடித்த பக்கத்துக்குப் போகாதபடி ஸ்லைடைச் சாய்த்துப் பிடியுங்கள்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது ஆய்வறிக்கையில். வெளிநாட்டில் படித்துக்கொண்டு சொந்த ஊரில் தரவு சேகரித்தால் பெரும்பாலும் இரண்டு எதிக்ஸ் கமிட்டி அனுமதி வேண்டும்: பல்கலைக்கழகத்துடையது ஒன்று, தரவு எடுக்கும் இடத்துடையது ஒன்று. நோயாளியிடம் பேசப் போவதில்லை, பதிவேட்டைத்தான் பார்க்கிறோம் என்று அனுமதி வாங்காமல் தொடங்குவது தவறு. பதிவேட்டுக்கும் கமிட்டியிடம் போயே ஆக வேண்டும். சில வாரத்தில் முடியும் என்று நம்பிய அனுமதி மாதக்கணக்கில் இழுத்தால், மொத்தக் கால அட்டவணையும் சரியும். எனவே தலைப்பை முதல் பருவத்திலேயே முடிவு செய்யுங்கள்.

மாதிரி அளவையும் ஊகத்தில் போடக் கூடாது. ஒரு விகிதத்தை 95% நம்பகத்தன்மையோடு, 5% பிழை வரம்புக்குள் மதிப்பிட, எதிர்பார்க்கும் விகிதம் 50% என்று எடுத்தால் 385 பேர் வேண்டும். பத்து சதவீதம் பேர் பதில் சொல்லாமல் போகலாம் என்று வைத்தால் 385-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும், 428 வரும். பலர் 385-உடன் பத்து சதவீதத்தைக் கூட்டி 424 என்று எழுதிவிடுகிறார்கள். கிராமம் கிராமமாகக் கொத்தாகத் தேர்ந்தெடுத்தால் வடிவமைப்பு விளைவால் (ஒரே கிராமத்தவர் ஒரே மாதிரி இருப்பதை ஈடுகட்டும் எண்ணால்) பெருக்க வேண்டும். அதை 2 என்று எடுத்தால் 856. தனி ஆளாக மூன்று மாதத்தில் அத்தனை பேரைச் சந்திக்க முடியாது என்று தெரிந்தால், அப்போதே மேற்பார்வையாளரிடம் பேசிக் கேள்வியைச் சுருக்குங்கள், அல்லது ஏற்கெனவே உள்ள தரவுக்கு மாறிவிடுங்கள்.