ஆபரேஷனுக்கு முன்னாடி அக்காவுக்கு எதுக்கு அந்த டயட்?

அக்காவுக்கு ஸ்லீவ் ஆபரேஷன்னு (உடம்பு எடை குறைய இரைப்பையில பெரும்பகுதியை வெட்டி எடுக்கிறது) முடிவானதுல இருந்து மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் கேக்குற ஒரே கேள்வி, "இரைப்பையைத்தானே வெட்டப் போறாங்க, அதுக்கு முன்னாடியே புள்ளைய எதுக்கு இப்படி பட்டினி போடுறீங்க?" நியாயமான கேள்விதான், அதான் எழுதுறேன்.

இது எடை குறைக்கக் குடுக்குற டயட் இல்லங்க, கல்லீரலைச் சுருக்கறதுக்கு. கல்லீரலோட இடது பக்கம் இரைப்பை மேலதான் படுத்திருக்கும், வயித்துல சின்னச் சின்ன துளை போட்டுப் பண்ற லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன்ல டாக்டர் அதைத் தூக்கிப் பிடிச்சாத்தான் அடியில இருக்கிற இரைப்பையே கண்ணுக்குத் தெரியும். பருமனா இருக்கிறவங்க நிறைய பேருக்கு கல்லீரல்ல கொழுப்பு ஏறி பெருத்துப் போயிருக்கும், தூக்கும்போது கிழிஞ்சு ரத்தம் கசியலாம், சில பேருக்கு வயித்தைத் திறந்து பண்ற நிலைமை கூட வரும். சோறு, இட்லி, சர்க்கரை எல்லாத்தையும் குறைச்சா கல்லீரல்ல சேத்து வச்சிருக்கிற சர்க்கரைச் சத்தான கிளைக்கோஜன் முதல்ல கரையும், அதுல ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும், அதுவும் சேந்து போகும், அப்புறம் கொழுப்பும் குறையும். பெரும்பாலும் 2 வாரம், ஒரு நாளைக்கு 800லிருந்து 1000 கலோரி, புரோட்டீன் 60லிருந்து 80 கிராம்னு குடுப்பாங்க, ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கொஞ்சம் மாறும்.

சமையல் என் பொறுப்பு. கடலூர்ல இருந்துட்டு மீனுக்கா பஞ்சம், துறைமுகத்துல இருந்து சங்கரா வாங்கிட்டு வந்து, தேங்கா அரைக்காம, மிளகு சீரகம் பூண்டு தட்டிப் போட்டு, ரெண்டு தக்காளி, மஞ்சத்தூள், தண்ணியா சாறு மாதிரி வச்சுடுவேன், 100 கிராம் மீன்லயே கிட்டத்தட்ட 20 கிராம் புரோட்டீன் வந்துடுது. சாயங்காலம் வெண்ணெய் எடுத்த மோர்ல இஞ்சி கருவேப்பிலை நசுக்கிப் போட்டு, இனிப்பு இல்லாத புரோட்டீன் பவுடர். பவுடரை நேரா மோர்ல கொட்டினா கட்டி கட்டியா மிதக்கும், டம்ளர்ல துளி தண்ணி விட்டு மொதல்ல குழைச்சுக்கணும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மோரை ஊத்தணும்.

ஆரம்பத்துல தலைவலி, சோர்வு, எரிச்சல் எல்லாம் இருந்துச்சு, போகப் போக சரியாயிடுச்சு. ஆனா பசியை விட அவளை அதிகமா வாட்டினது நம்ம ஆளுங்களோட பாசம்தான். பலாப்பழ சீசன் வேற, மாமா பண்ருட்டியில இருந்து முழுப் பழம் கொண்டு வந்து "ஒரே ஒரு சுளை, ஒண்ணும் ஆகாது"ன்னு நீட்டுறாரு, வீடு பூரா வாசனை. நான் கையைப் பிடிச்சு உக்கார வச்சு கல்லீரல் கதை முழுக்க சொன்னேன், அவரே பழத்தை எடுத்துட்டுப் போயி பக்கத்து வீட்டுல குடுத்துட்டு வந்தாரு. காரணம் புரிஞ்சா நம்ம மனுஷங்க நல்லாவே கூட நிக்கிறாங்க, அதனால டயட் சார்ட்டை நோயாளி கையில மட்டும் குடுக்காம வீட்டுல எல்லாரையும் உக்கார வச்சு சொல்லணும்னு நான் உறுதியா நினைக்கிறேன்.

இன்னொண்ணு, ரொம்ப முக்கியம். அக்காவுக்கு சுகர் இருக்கு. சாப்பாடு பாதியாயிட்டு இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரையோ பழைய அளவுலயே போனா சுகர் தடால்னு இறங்கிடும், வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், மயக்கமே வந்துடும். டயட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எங்க டாக்டர் டோஸைக் குறைச்சு எழுதிக் குடுத்தாரு, வீட்டுல மெஷின் வச்சு தினமும் பாத்து குறிச்சுக்கிறோம். நீங்களா மாத்திரையை நிறுத்தவும் வேணாம், அப்படியே தொடரவும் வேணாம், சார்ட் கைக்கு வந்த அன்னிக்கே சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை ரெண்டையும் டாக்டர்கிட்ட காட்டிக் கேட்டுடுங்க.