முப்பத்தாறு சிட்டிங் முடிந்த பின்

2025 மார்ச் 20, பாபநாசம்

மனச்சோர்வுக்காக மூளையைக் காந்தத்தால் தூண்டும் சிகிச்சை (டி.எம்.எஸ்.), நேற்றோடு முப்பத்தாறு சிட்டிங் முடிந்தது. ஜனவரி 20இல் தொடங்கியது. ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள். அப்புறம் மூன்று, இரண்டு, ஒன்று என்று குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஆஸ்பத்திரி திருச்சியில், தங்கல் ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டில். சோர்வை அளக்கும் ஒன்பது கேள்வித் தாளில் முதல் நாள் 27க்கு 19 வாங்கியிருந்தேன். நேற்று 5. மதிப்பெண் குறைந்ததற்கு ஒரு கணக்கு வாத்தியார் சந்தோஷப்படுவது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

சாயங்காலம் எதிர்வீட்டுத் தம்பி வந்து, “அண்ணே, தலையில ஷாக் வச்சாங்களாமே?” என்றான். ஷாக் வேறு, இது வேறு என்று சொன்னேன். அதற்கு மயக்க ஊசி போட்டு, வலிப்பை வரவழைப்பார்கள். இதில் விழித்தபடி நாற்காலியில் சாய்ந்திருக்கிறோம். இடது பக்கம் நெற்றிக்கு மேலே ஒரு காந்தச் சுருள். நான்கு வினாடி மரங்கொத்தி மாதிரி டக் டக்கென்று தட்டும், இருபத்தாறு வினாடி சும்மா இருக்கும். இப்படியே முப்பத்தேழரை நிமிடம். காதில் அடைப்பான், முதல் வாரம் கொஞ்சம் தலைவலி. எனக்கு அவ்வளவுதான்.

முதல் நாளை அவனிடம் சொல்லவில்லை. எவ்வளவு பலமாகத் தட்டுவது என்று கண்டுபிடிக்கச் சுருளை மண்டையில் இங்கும் அங்கும் நகர்த்தினார்கள். ஒரு இடத்தில் வைத்ததும் என் வலது கை கட்டைவிரல் என்னைக் கேட்காமலேயே துள்ளியது. மடியில் கிடந்த அந்தக் கை யாருடையதோ போல இருந்தது. இரண்டு வருஷமாக எதுவும் துள்ளாத உடம்பு.

கிளம்பும்போது மெஷின் பார்க்கிற பையன், “இனிமே வரவே வராது சார்” என்றான். டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை. “சில பேருக்கு ஆறு மாசம், சில பேருக்கு ஒரு வருஷம், அதுக்கு மேலயும் போகும். உங்களுக்கு எவ்வளவுன்னு இப்பவே சொல்ல முடியாது. மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க” என்றார். ரயிலில் வரும்போது என் மனைவியும் அதையேதான் கேட்டாள்: “எத்தனை நாளைக்குங்க தாங்கும்?”

ஏப்ரல் 16

சென்னையிலிருந்து மகள் ஆய்வுக் கட்டுரைகளை அனுப்பியிருக்கிறாள். அகராதியும் பென்சிலுமாக உட்கார்ந்தேன்.

2014இல் வந்த ஒன்றில் 257 பேரை ஒரு வருஷம் பின்தொடர்ந்திருக்கிறார்கள். சிகிச்சை முடிவில் குணம் தெரிந்தவர்களில் 62.5 சதவீதம் பேருக்கு வருஷக் கடைசியிலும் அது நின்றிருக்கிறது. 2019இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த இன்னொன்று இவ்வளவு தாராளமாக இல்லை. மூன்றாம் மாதம் 67, ஆறாம் மாதம் 53, பன்னிரண்டாம் மாதம் 46.

இங்கே தொகுதியில் என்ன இருக்கிறது என்பதைவிடப் பகுதியில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சிகிச்சை எடுத்த எல்லோருமல்ல, முதலில் குணம் தெரிந்தவர்கள் மட்டும். பலர் மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். நடுவில் சிட்டிங் திரும்ப எடுத்தவர்களும் உண்டு. ஆக, ஒரு தடவை தட்டினால் இத்தனை மாதம் என்று உத்தரவாத அட்டை மாதிரி இதை வாசிக்கக் கூடாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை வருஷா வருஷம் சொன்னவன், எனக்கே சொல்லிக்கொள்ள அரை நாள் ஆனது.

ஜூன் 19

மூன்று மாதம். 12ஆம் தேதி மேட்டூர் திறந்தார்கள், 15ஆம் தேதி கல்லணை. குடமுருட்டியில் முதல் தண்ணீர் குப்பையும் நுரையுமாகத்தான் வரும். அதைப் பார்க்கப் பாலத்தில் பாதி ஊர் நிற்கும். போன வருஷம் நான் போகவில்லை, யாரோ சொன்னபோதுகூடத் தலையைத் திருப்பவில்லை. இந்த வருஷம் போனேன். என் ஒன்பது மா நிலத்திலும் குறுவை நெல்தான்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. சித்ரான்னம், கூட்டம், வெயில். நல்ல நாள்.

செப்டம்பர் 19

ஆறு மாதம். அந்த 53 சதவீதத்தில் நானும் ஒருவன் என்று இவளிடம் சொன்னேன். “கண்ணு வைக்காதீங்க” என்றாள்.

அக்டோபர் 24

தீபாவளிக்கு முன்பே பிடித்த மழை. அறுத்த நெல் ரோட்டோரம் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்றால் அரசுக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். இந்த மழையில் அது எங்கே 17க்கு இறங்கும்? இன்று குவியலுக்குள் கையை விட்டேன். உள்ளே சூடு. ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக முளை, பல் முளைத்த மாதிரி.

இரவு தூக்கமில்லை. தெருவில் யாருக்குத்தான் தூக்கம்?

அக்டோபர் 31

வெயில் வந்தது. கிளறிக் காயவைத்து, வந்த விலைக்குத் தள்ளியாயிற்று. எதிர்வீட்டுத் தம்பிக்கு என்னைவிட நஷ்டம். அவன் மூன்று நாள் எல்லோரையும் திட்டித் தீர்த்துவிட்டு நாலாம் நாள் அடுத்த போகமான தாளடிக்கு நாற்று விசாரிக்கக் கிளம்பிவிட்டான். எனக்குத் திட்டக்கூட வரவில்லை.

நவம்பர் 2

காலையில் இவள் காபியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். வழக்கமாக டபராவுக்கும் டம்ளருக்குமாக நாலு ஆற்று ஆற்றி, நுரை அடங்குவதற்குள் குடித்துவிடுவேன். அவள் திரும்பி வந்து பார்த்தபோது காபி மேல் ஆடை படர்ந்து, ஓரத்தில் சுருங்கியிருந்தது. டபராவைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். “அப்ப இப்படித்தாங்க ஆரம்பிச்சுது” என்றாள்.

“நெல்லு போன கவலைடி.”

“நெல்லு வித்து நாலு நாளாச்சு.”

எனக்குப் பதில் வரவில்லை. கவலையா, அதுவா என்று உள்ளேயிருந்து பார்க்கிறவனுக்குத் தெரிவதில்லை. இரண்டுக்கும் ஒரே நிறம். ஆடை படர்ந்த காபியை அவள்தான் பார்க்க முடியும்.

நவம்பர் 4, திருச்சி

ஒன்பது கேள்வி: 12. கடந்த இரண்டு வாரத்தை மட்டும்தான் அது கேட்கும், அந்த இரண்டு வாரத்தில்தான் என் மழையெல்லாம் பெய்திருக்கிறது. அதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். “காரணம் இருந்தாலும் 12, 12தான் சார். இன்னும் மோசமாகுற வரைக்கும் காத்திருக்க வேணாம்” என்றார். மாத்திரையை மாற்றவில்லை. முதலில் பத்து சிட்டிங் போட்டுப் பார்க்கலாம் என்றார்.

முதல் தடவை இந்தச் சிகிச்சையில் குணம் தெரிந்தவர்களுக்கு அது மறுபடியும் வேலை செய்ய வாய்ப்பு அதிகமாம். மகள் அனுப்பியதில் 2010ஆம் வருஷத்துக் கட்டுரை ஒன்றில் இது இருந்தது ஞாபகம் வந்தது. 99 பேரை 24 வாரம் கவனித்ததில் 38 பேருக்குச் சரிவு. மறுபடி சிட்டிங் கொடுத்ததில் அவர்களில் 32 பேர் மீண்டிருக்கிறார்கள். ஏப்ரலில் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருந்தேன். அப்போது அது எனக்குத் தேவைப்படாத கணக்கு.

சரிவுக்குக் காத்திராமல் மாதம் ஒன்று என்று எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டாம். ஆனால் இத்தனை நாளுக்கு ஒன்று என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட அட்டவணை கிடையாது என்றார். “முறை வச்சுத் தண்ணி விடுற மாதிரியா டாக்டர்?” என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. பட்டணத்தில் வளர்ந்தவர். நானும் விளக்கவில்லை.

நவம்பர் 10

இந்தத் தடவை வேறு வகைத் தட்டல். மூன்று நிமிடத்தில் 600 துடிப்பு, எழுந்திரு என்கிறார்கள். பழைய முப்பத்தேழரை நிமிடத்துக்கு இது குறைந்ததில்லை என்று 2018இல் கனடாவில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்களாம். மூன்று நிமிடத்துக்காகவா இத்தனை தூரம் என்றாள் அக்கா. கட்டைவிரல் பழையபடி துள்ளியது. இந்த முறை அது என் கையாகத்தான் இருந்தது.

நவம்பர் 22, பாபநாசம்

பத்தும் முடிந்தது. தாள்: 7. டிசம்பர் கடைசியில் வரச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. மெஷின் பார்ப்பது அதே பையன்தான். இந்தத் தடவை, “பாத்துக்கலாம் சார்” என்றான்.

காலையில் இவள் டபராவை எடுக்க வந்தாள். எட்டிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை, கழுவப் போட்டுவிட்டாள். ஆற்றித்தான் குடித்தேனா என்பது எனக்கே நினைவில்லை. தாளடி வயலில் ஆள் இறங்கிவிட்டார்கள், போக வேண்டும்.