மடிக்கணினியில் பிளேஸ்டேஷன் 2: வேகத்தைக் கூட்டப் போய் வெப்பத்தைக் குறைத்த அனுபவம்

பந்தயம் தொடங்கிய முதல் ஒரு நிமிடம் எல்லாம் சரியாகவே ஓடும். அதன் பிறகு பின்னணி இசை இழுபடத் தொடங்கும், கார்கள் தண்ணீருக்குள் ஓடுவதுபோல் நகரும். என் பழைய பிளேஸ்டேஷன் 2 கருவியின் லென்ஸ் பழுதான பின், கைவசம் இருந்த கார் பந்தய வட்டையும் அக்கருவியிலிருந்து முன்பே எடுத்து வைத்திருந்த பயாஸ் கோப்பையும் (கருவியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரல்) கொண்டு, அக்கருவியைக் கணினியில் போலச் செய்யும் பிசிஎஸ்எக்ஸ்2 என்ற எமுலேட்டர் நிரலில் அதே விளையாட்டை ஆட முயன்றபோது எதிர்கொண்ட சிக்கல் இது.

என் மடிக்கணினியில் இருப்பது இன்டெல் கோர் ஐ7-6820எச்கே பிராசசர். நான்கு கோர்கள், 2.7 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகம், ஒரு கோர் மட்டும் உழைக்கும்போது 3.6 வரை டர்போ (தற்காலிக வேக உயர்வு), 45 வாட் வெப்ப வரம்பு. மடிக்கணினிப் பிராசசர்களில் பெரும்பாலானவற்றின் பெருக்கி (அடிப்படைக் கடிகாரத்தை எத்தனை மடங்காக்கி வேகம் பெறுவது என்னும் எண்) பூட்டப்பட்டிருக்கும். எச்கே வகையில் அது திறந்திருக்கும். ஆகவே பெருக்கியை உயர்த்தினால் வேலை முடிந்துவிடும் என்றே முதலில் நினைத்தேன்.

2000ஆம் ஆண்டில் வந்த, ஏறத்தாழ 295 மெகாஹெர்ட்ஸ் வேகமே கொண்ட ஒரு கருவியைப் போலச் செய்ய இவ்வளவு வலிமை ஏன் தேவை என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அக்கருவிக்குள் எமோஷன் என்ஜின் என்னும் மையப் பிராசசரும், கணக்குகளை மொத்தமாகச் செய்யும் இரண்டு வெக்டர் அலகுகளும், வரைகலைச் சில்லும், உள்ளீடு வெளியீட்டைக் கவனிக்கும் தனிப் பிராசசரும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. எமுலேட்டர் இவற்றின் கட்டளைகளை நம் பிராசசரின் மொழிக்கு மாற்றுவதோடு, ஒன்றுக்கொன்று நேரம் பிசகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வேலையைப் பல கோர்களுக்கு விருப்பம்போல் பங்கிட முடியாது. மையப் பிராசசருக்கு ஓர் இழை (தனியே ஓடும் வேலைத் தொடர்), வரைகலைக்கு ஓர் இழை, எம்டிவியூ வசதியை இயக்கினால் வெக்டர் அலகுக்கு மூன்றாவது இழை, அவ்வளவுதான். முதல் இழையைச் சுமக்கும் ஒற்றைக் கோர் எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

எதையும் மாற்றுமுன் அளந்து பார்த்தேன். பிராசசரின் வேகத்தையும் வெப்பத்தையும் காட்டும் த்ராட்டில்ஸ்டாப் நிரலை ஒரு பக்கம் திறந்துவைத்து ஆடியபோது, முதல் நிமிடத்தில் 3.2 கிகாஹெர்ட்ஸ், விளையாட்டின் வேகம் 97 விழுக்காடு. பிறகு வெப்பம் 98 டிகிரியைத் தொட்டதும் கடிகார வேகம் 2.6 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கியது, விளையாட்டு 79 விழுக்காட்டுக்கு வந்தது. இருக்கிற வேகத்தையே தாங்க முடியாத இயந்திரத்தில் பெருக்கியை உயர்த்தி எந்தப் பயனும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அடிமூடியைக் கழற்றினேன். ஃபேனுக்கும் ஹீட் சிங்கின் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. பிராசசரின் வெப்பத்தை ஹீட் சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் புதியதைத் தடவினேன். இந்த ஒரு மாலை வேலைக்கே வெப்பம் 86 டிகிரிக்கு இறங்கியது, 3.2 கிகாஹெர்ட்ஸ் இறங்காமல் நின்றது.

அடுத்தது வோல்ட்டேஜ். பிராசசர் செலவிடும் சக்தி கடிகார வேகத்துக்கு நேர் விகிதத்திலும், வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் கூடுகிறது. 1.2 வோல்ட்டை 1.1 ஆக்கினால், அதே வேகத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு சக்தி மிச்சமாகும். முதல் நாள் கோர் வோல்ட்டேஜை மட்டும் குறைத்துவிட்டு, எந்த மாற்றமும் தெரியாமல் திகைத்தேன். இந்தத் தலைமுறையில் கோரும் கேச்சும் (பிராசசருக்குள் இருக்கும் விரைவு நினைவகம்) ஒரே மின்வழியைப் பகிர்ந்துகொள்வதால், இரண்டையும் சம அளவில் குறைத்தாக வேண்டும். பத்துப் பத்து மில்லிவோல்ட்டாக இறக்கினேன். 110 மில்லிவோல்ட் குறைப்பில் ஒரு மணி நேரம் ஆடிய பின், விளையாட்டு தன்னைச் சேமித்துக்கொண்டிருந்த நொடியில் கணினி உறைந்துபோய், எமுலேட்டரின் மெமரி கார்டு கோப்பு கெட்டுவிட்டது. மூன்று வார ஆட்டம் அதில் இருந்தது. இதை யார் செய்தாலும், அந்த 8 மெகாபைட் கோப்பை முதலில் வேறிடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இறுதியில் 80 மில்லிவோல்ட் குறைப்போடு நிறுத்தினேன்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019 டிசம்பரில் வெளியான பிளண்டர்வோல்ட் என்ற, வோல்ட்டேஜ் மாற்றத்தின் வழியே தாக்க இடம்தரும் பாதுகாப்புக் குறைபாட்டுக்குப் பின், வோல்ட்டேஜ் மாற்றத்தைப் பூட்டிவிடும் பயாஸ் புதுப்பிப்புகள் பல மடிக்கணினிகளுக்கு வந்தன. என்னுடையதில் இருப்பது அதற்கு முந்தைய பயாஸ். தெரிந்தே அதை வைத்திருக்கிறேன். அதனால் வங்கி வேலை எதையும் இந்த இயந்திரத்தில் செய்வதில்லை.

பெருக்கிக்கு வந்தது இதன் பிறகுதான். மழைக்காட்சி கொண்ட ஒரு தடத்தில் மட்டும் 3.2 கிகாஹெர்ட்ஸிலும் வேகம் 86 விழுக்காட்டைத் தாண்டவில்லை. எல்லாக் கோர்களுக்கும் பெருக்கியை 36, 37, 38 என்று ஒவ்வொன்றாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் இரண்டு மணி நேரம் ஆடிப் பார்த்தேன். 37இல் 99 விழுக்காடு. 38இல், அதாவது 3.8 கிகாஹெர்ட்ஸில், முழு வேகம் கிடைத்தது, வெப்பம் 91 டிகிரி. 40ஐயும் முயன்றேன். அதற்கு வோல்ட்டேஜ் குறைப்பை முற்றிலும் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது, பத்து நிமிடத்தில் பழையபடி 98 டிகிரி வந்துவிட்டது. அதனால் கைவிட்டேன்.

எமோஷன் என்ஜினின் சுழற்சி வேகத்தை எமுலேட்டரிலேயே குறைக்கும் வசதியை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்கலாம். பயன்படுத்திப் பார்த்தேன். திரையின் மூலையில் 100 விழுக்காடு என்றே காட்டும். ஆனால் போலச் செய்யப்படும் பிராசசரையே மெதுவாக்குவதால், விளையாட்டு தானே காட்சிகளைத் தவறவிடுகிறது. வளைவில் பிரேக் பிடிக்கும் கணத்தை அந்தத் தடுமாற்றம் கெடுத்துவிடுகிறது. எனக்கு அது ஏற்புடையதாக இல்லை.

இப்போது இரண்டு அமைப்புகளைச் சேமித்து வைத்திருக்கிறேன். மாலையில் பெருக்கி 38. மே மாத மதியத்தில், அறையே 36 டிகிரியில் இருக்கும்போது, பெருக்கியும் 36. அந்த நேரத்தில் மழைத் தடத்தைத் தொடுவதில்லை.