ஆறு அரைநாள் லீவில் ஒரு கடைவாய்ப் பல்

போன வருடம் ஆடி மாதம், வலது கீழ்க் கடைவாயில் ஆரம்பித்தது. முதலில் ஜில்லென்று தண்ணீர் குடித்தால் மட்டும் கூச்சம். அப்புறம் காபிக்கும் வந்தது. கிராம்பை அடக்கிக்கொண்டு பத்து நாள் ஓட்டினேன். பிறகு மருந்துக் கடையில் நானாகக் கேட்டு வாங்கிய ஆன்டிபயாட்டிக்கில் இன்னும் கொஞ்ச நாள். மாத்திரை இருக்கும்வரை வலி அடங்கும், அட்டை காலியானதும் திரும்பி வரும். சொத்தை நரம்புவரை இறங்கிவிட்டால் மாத்திரையால் பல் சரியாகாது என்பது பின்னால்தான் தெரிந்தது. ஒரு ராத்திரி இரண்டு மணிக்குக் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தபோது மனைவி விளக்கைப் போட்டாள். "நாளைக்கு டாக்டர்கிட்ட போறீங்களா, இல்ல நான் எங்கம்மா வீட்டுக்குப் போகட்டுமா?"

தெருமுனைக் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து, வாய் முழுக்கப் பார்த்து, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். பல்லைத் துளைத்து நரம்பை எடுத்து உள்ளே அடைக்கும் ரூட் கேனல் 6,500. அதன்மேல் ஜிர்கோனியா என்ற உறுதியான வெள்ளைப் பீங்கானில் மூடி, அதாவது கேப், 11,000. வேறு இரண்டு பற்களை அடைக்க 3,000. சுத்தம் செய்ய 1,500. ஞானப்பல் ஒன்றை எடுக்க 4,500. மொத்தம் 26,500. நான் ஒரு லேத் பட்டறையில் கணக்கு எழுதுகிறவன், மாதச் சம்பளம் 24,000. அந்த டாக்டர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். வாடகை, மெஷின், உதவியாளர் சம்பளம் எல்லாம் அதற்குள்தானே வர வேண்டும். ஆனால் என்னிடம் அந்தப் பணம் இல்லை.

மெடிக்கல் இன்சூரன்ஸ் தாளைப் புரட்டினேன். விபத்தில் பல் உடைந்தால் உண்டு, சொத்தைக்குக் கிடையாது என்று பொடி எழுத்தில் இருந்தது. பெரும்பாலான பாலிசிகளில் இதே கதைதான்.

பிடுங்கிப் போட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். அதுதான் இருப்பதிலேயே மலிவு. ஆனால் இடது பக்கம் ஏற்கெனவே ஒரு பல் இல்லை. 2016-ல் அங்கே ரூட் கேனல் செய்துகொண்டு, வலி போனதும் "கேப் எதற்குத் தண்டச் செலவு" என்று விட்டுவிட்டேன். எட்டு மாதத்தில் கடலை மிட்டாய் கடிக்கும்போது பல் நெடுக்காகப் பிளந்தது. நரம்பை எடுக்கத் துளைபோட்ட கடைவாய்ப் பல்லில் சுவர் மட்டும்தான் மிச்சம் நிற்கும், மேலே மூடி போடாவிட்டால் மென்று மென்று விரிசல் விடும். கடைசியில் அதைப் பிடுங்கினார்கள். அன்றிலிருந்து வலது பக்கம் மட்டுமே மென்று சாப்பிடுகிறவன் நான். அதையும் இழந்தால் கஞ்சிதான்.

பட்டறையில் டர்னராக இருக்கும் அண்ணன்தான் வழி காட்டினார். "காலேஜுக்குப் போங்க சார், பசங்களுக்கு கேஸ் வேணும்." பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத்தான் சொன்னார். சென்னையில் கோட்டை ரயில் நிலையம் பக்கம், முத்துசாமி பாலத்தருகே இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-ல் தொடங்கியது. 2023-ல் புதுக்கோட்டையிலும் ஒன்று வந்தது. எனக்கு வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடியது புறநகரில் உள்ள ஒரு தனியார் கல்லூரி என்பதால் அங்கே போனேன்.

பல் டாக்டராவதற்கான பி.டி.எஸ். நாலு வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி. அதற்குமேல் மேற்படிப்பான எம்.டி.எஸ். மூன்று வருடம். இன்னின்ன சிகிச்சை இத்தனை செய்திருக்க வேண்டும் என்று மாணவர்களுக்குக் கணக்கு உண்டு. அதற்கு நம் வாய் தேவை. அதனால்தான் கட்டணம் குறைவு. ஈடாக நாம் கொடுப்பது நேரம்.

காலை எட்டு மணிக்குப் போய் 30 ரூபாய்க்கு ஓ.பி. சீட்டு. முதலில் வாயைப் பரிசோதிக்கும் பிரிவு, பிறகு எக்ஸ்ரே, பிறகு ரூட் கேனல் பிரிவு. அந்த முதல் பிரிவில் ஒரு கேள்வி கேட்டேன். இந்த 26,500-ல் எனக்குப் பெரிய லாபம் தந்தது அந்தக் கேள்விதான். கிளினிக் தாளை நீட்டி, "இதுல இப்பவே செஞ்சாகணும்னு எது, காத்திருக்கலாம்னு எது?" என்றேன். மூத்த டாக்டர் ஒருவர் எக்ஸ்ரேயை வைத்துப் பார்த்தார். ஞானப்பல் நேராக நிற்கிறது, தொந்தரவு இல்லை, விட்டுவிடலாம். அடைக்கச் சொன்ன இரண்டில் ஒன்று வெறும் கறை, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். மற்றதையும் ரூட் கேனலையும் தள்ளிப்போட முடியாது.

எனக்கு வாய்த்தது எம்.டி.எஸ். இரண்டாம் வருடப் பெண். வாயின்மேல் பச்சை ரப்பர் தாள் ஒன்றை விரித்து, அந்த ஒரு பல் மட்டும் வெளியே தெரியும்படி மாட்டினார். ப்ளீச்சிங் பவுடர் கரைத்த வாடை. ஃபைல் என்கிற ஊசி மாதிரி மெல்லிய அரத்தில் குட்டி ரப்பர் வளையம் ஒன்றை நகர்த்தி நகர்த்தி, ஸ்கேலில் அளந்து அளந்து உள்ளே விட்டார். கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேருக்குள் நரம்பு ஓடும் கால்வாய் வழக்கமாக மூன்றாம். நாலாவது இருக்குமோ என்று தேடுவதிலேயே ஒரு மணி நேரம் போனது, இல்லை. ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் பேராசிரியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருமுறை அவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "அரை மில்லிமீட்டர் குறையுது, மறுபடி" என்று சொல்லிப் போய்விட்டார். அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கோ உள்ளூர சந்தோஷம். கிளினிக்கில் இப்படி இன்னொருவர் வந்து சரிபார்த்ததை நான் பார்த்ததில்லை.

பக்கத்து நாற்காலியில் பல்செட்டுக்கு வந்திருந்த ஒரு பாட்டி. "கண்ணு, மெதுவா, அது என் தாடை, கதவு இல்ல" என்று தன் டாக்டரை அதட்டிக்கொண்டே இருந்தார்.

முதல் தடவையிலேயே வலி சுத்தமாக நின்றது. அதுதான் ஆபத்து. இரண்டாம் தடவை போகாமல் இருந்துவிட மனசு சாக்குத் தேடியது, பட்டறையிலும் மாதக் கடைசி. தற்காலிக அடைப்பு சில வாரத்துக்குத்தான் தாங்கும், அது உதிர்ந்தால் எச்சில் உள்ளே இறங்கி எல்லாம் முதலிலிருந்து என்று அந்தப் பெண் ஃபோனில் சொன்னார். போனேன். கேப்புக்கு ஜிர்கோனியா வேண்டாம், உலோகத்தின்மேல் பீங்கான் பூசியதே போதும் என்று முடிவு செய்தேன். வெறும் உலோகம் இன்னும் மலிவு. பின்னால் இருக்கிற பல், யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் மனைவி சம்மதிக்கவில்லை.

செலவு: சீட்டு 30, எக்ஸ்ரே 100, சுத்தம் 250, அடைப்பு 400, ரூட் கேனல் 2,000, கேப் 1,800. மொத்தம் 4,580. ஆறு அரைநாள் போனதில் சம்பளப் பிடித்தம் 2,400. அதையும் சேர்த்தால் 6,980. நாள்கூலிக்கு வேலை செய்கிறவருக்கு அந்த ஆறு நாள் இன்னும் கனமாக இருக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. கன்னம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்க முடியாவிட்டாலோ இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே எங்காவது காட்டிவிட வேண்டும்.

போகிறவர்களுக்கு ஒன்று: பரீட்சை தேதியை முதலிலேயே கேட்டுவிடுங்கள். நடுவில் பரீட்சை வந்து எனக்கு மூன்று வாரம் தள்ளிப்போனது. உங்கள் டாக்டரின் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள், வேறு ஒருவரிடம் மாறினால் பாதிக் கதையை மறுபடி சொல்ல வேண்டும்.

கேப் மாட்டி ஒரு மாதம் கழித்து அந்தப் பெண்ணே கூப்பிட்டார். பல் எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் என்று நினைத்தேன். "நல்லா இருக்குல்ல சார்? சரி, உங்க வீட்ல யாருக்காவது மேல் கடைவாய்ல சொத்தை இருக்கா? எனக்கு ரெண்டு கேஸ் பாக்கி." மச்சானை அடுத்த செவ்வாய்க்கிழமை கூட்டிப் போகிறேன்.