‘வே’ என்று கூப்பிட்டால்

நெல்லைச் சீமையில் ஒருவரைக் கூப்பிடுகிற சொல்லிலேயே பாதி உறவு தெரிந்துவிடும். ஏல, வே, அண்ணாச்சி, பாட்டையா என்று ஒவ்வொன்றுக்கும் எடை வேறு. சென்னைப் பேச்சில் நீ, நீங்க என்று இரண்டே படி. இங்கே நடுவில் ‘நீரு’ என்று இன்னொரு படி உண்டு. ‘வாரும்’, ‘உக்காரும்’, ‘என்ன வே’ எல்லாம் அந்தப் படியில் நிற்பவை. சம வயதுக்காரர்களுக்குள் அது நேசம். பெரியவர் இளையவரிடம் சொன்னால் உரிமை. இளையவர் பெரியவரிடம் சொன்னால் திமிர்.

போனிலோ கணினியிலோ ஆடும் சின்னக் கதை விளையாட்டைத் தனி ஆளாகச் செய்ய நினைப்பவருக்கு இது கையிலேயே இருக்கிற கரு. ஆடுபவர் செய்கிற ஒரே காரியம், எதிரே இருப்பவரை எப்படிக் கூப்பிடுவது என்று முடிவெடுப்பது. ஒரே இடம், இரண்டு பேர், 15 நிமிடம், 2,500 சொல். முதல் முயற்சிக்கு அதற்கு மேல் வேண்டாம்.

இடத்தை வைத்தே பார்ப்போம். குதிரைமொழித் தேரிக்காட்டின், அதாவது செம்மணல் காட்டின், ஓரத்தில் ஒரு விடிலி (பதனி காய்ச்சும் ஓலைக்குடிசை), சித்திரை மாதக் காலை. பனையேறி ஒருவர் காலையில் இறக்கிய பதனியைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார். ஆடுபவர் கருப்பட்டி வாங்க வந்த இளவட்டம். முதல் திரையில் மூன்று தேர்வு:

“அண்ணாச்சி, கருப்பட்டி இருக்கா?”
“என்ன வே, சரக்கு இருக்கா?”
“பாட்டையா, ஒரு வாய் பதனி தாரியளா?”

முதலாவதுக்கு “இருக்கு, உக்காரும்” என்று பதில் வரும். இரண்டாவதுக்குப் பதிலே இல்லை. பெரியவர் அருவாப்பெட்டியிலிருந்து பாளை அரிவாளை எடுத்துத் தீட்ட ஆரம்பிக்கிறார். மூன்றாவதுக்கு ஓலைப்பட்டை மடித்து நீட்டுகிறார். ‘மதிப்பு கூடியது’, ‘குறைந்தது’ என்று திரையில் எண் காட்டவே கூடாது. காட்டினால் ஆடுபவர் ஆளைப் பார்க்காமல் எண்ணைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். பலன் தாமதமாக வரட்டும். பத்து நிமிடம் கழித்து விலை பேசும்போது, எந்தச் சிரட்டையில் ஊற்றிய கருப்பட்டியைப் பெரியவர் எடுத்துக் கொடுக்கிறார் என்பதில் அது தெரிந்தால் போதும்.

புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது கிளைகளில். ஐந்து இடத்தில் மூன்று மூன்று தேர்வு வைத்து ஒவ்வொன்றையும் தனிக் கிளையாக விட்டால் 243 முடிவு எழுதவேண்டியிருக்கும். பாதியில் வேலை நின்றுபோக இதுவே காரணம். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு தேர்வுக்கும் இரண்டு மூன்று வரிப் பதில் மட்டும் தனியாக எழுதி உடனே பொதுப் பாதைக்குத் திருப்பிவிடுங்கள். 15 சின்னப் பதிலில் வேலை முடியும். கடைசியாக எந்தச் சொல்லில் கூப்பிட்டார், எத்தனை தடவை மாற்றிக் கூப்பிட்டார் என்ற இரண்டை மட்டும் நினைவில் வைத்தால் முடிவை மூன்று விதமாக்கலாம். ‘அண்ணாச்சி’ என்று தொடங்கி விலை படியாதபோது ‘வே’க்கு இறங்குகிறவர் எப்படிப்பட்டவர் என்று நெல்லையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எழுத்தில் ஒரே ஒரு ஒழுங்கு கட்டாயம். விவரிப்பு எழுத்துத் தமிழில், பேச்சு நெல்லை வழக்கில். பேச்சுக்குத் தனித் தாளில் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்: சொல்லுதேன், வருதேன், பாக்கேன், நிக்கான், வாரிய, சாப்ட்டியளா. ஒரு திரையில் ‘சொல்லுதேன்’ என்றவர் அடுத்த திரையில் ‘சொல்றேன்’ என்றால் ஆள் மாறிவிட்டதாகவே காதில் விழும். தளைநார், கலயம், பட்டை போன்ற சொற்களுக்கு அடிக்குறிப்பு போடாதீர்கள். “தளைநாரைக் காலில் மாட்டினார்” என்று எழுதினால் கோயம்புத்தூர்க்காரருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் புரிந்துவிடும்.

கருவிக்கு வருவோம். எழுத்தே பிரதானம் என்றால், கிளைக் கதை எழுதும் கருவியான ட்வைன். 2009இல் கிறிஸ் கிளைமாஸ் வெளியிட்டது, இலவசம். கடைசியில் கிடைப்பது ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு. எழுத்தைக் கோத்துக் காட்டும் வேலையை பிரவுசரே செய்வதால் தமிழ் உடையாது. கதையின் ஒவ்வொரு திரையும் அதில் ஒரு பத்தி; பத்திகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஆடுபவரின் தேர்வை நினைவில் வைக்கும் மாறிகளின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். பிரவுசரில் வைத்து எழுதினால் கதை அந்த பிரவுசரின் சேமிப்பில்தான் இருக்கும். தளத் தரவை அழித்தால் கதையும் போகும். தினமும் ஆர்க்கைவ் கோப்பாக இறக்கிவைப்பது நல்லது. கணினியில் நிறுவும் பதிப்பு அதைவிட நல்லது.

நடமாட்டமும் படமும் வேண்டுமென்றால் கோடோ என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளின் 4ஆம் பதிப்பு. கோடோ 3இல் தமிழ் எழுத இறங்காதீர்கள்: கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வசதி 4ஆம் பதிப்பில்தான் வந்தது. இணையத்துக்கு ஏற்றுமதி செய்யும்போது எழுத்துருவைக் கூடவே கட்டி அனுப்பவேண்டும். மறந்தால் தமிழ் முழுக்கக் கட்டம் கட்டமாக வரும். நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, கேட்டமரன் மூன்றுமே திறந்த உரிமத்தில் கிடைப்பவை. பிட்சி அழகான சின்னக் கருவி. 128க்கு 128 புள்ளியில் ஒரு உலகமே கட்டலாம். ஆனால் அதனுடன் வரும் எழுத்துருக்களில் தமிழ் இல்லை. சொல்லே இல்லாத விளையாட்டுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

இனி, தமிழில் செய்கிற எல்லாருமே ஒருமுறையாவது இடறுகிற இடம். உரையாடலை எழுத்து எழுத்தாகத் தட்டச்சு விழுவதுபோல் காட்டுவது இந்த வகை விளையாட்டுகளில் வழக்கம். இணையத்தில் கிடைக்கும் ஆயத்த நிரல்கள் யூனிகோட் குறிகளை ஒவ்வொன்றாக எண்ணுகின்றன. தமிழில் ‘கொ’ என்பது க என்ற குறியும் ஒகரக் குறியும் சேர்ந்தது. அதனால் திரையில் முதலில் ‘க’ தெரியும், பிறகு முன்னால் கொம்பு முளைத்து ‘கொ’ ஆகும். ‘வந்தான்’ என்ற சொல் ‘வ, வந, வந், வந்த, வந்தா, வந்தான, வந்தான்’ என்று துடித்துத் துடித்து வரும். படிக்கிற கண் நொந்துபோகும். ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்ல் செக்மென்டர் என்று ஒன்று இருக்கிறது. மொழி தமிழ், அலகு கிராஃபீம் என்று கொடுத்தால் முழு எழுத்தாகப் பிரித்துத் தரும். ஃபயர்ஃபாக்ஸில் 2024இல் வந்த 125ஆம் பதிப்பிலிருந்துதான் அது உண்டு. அதிலும் ‘க்ஷ’ இரண்டாகத்தான் பிரியும், ‘ஸ்ரீ’யும் அப்படியே.

எழுத்து எழுத்தாகக் காட்டுவதையே விட்டுவிட்டு, சொல் சொல்லாகக் காட்டலாம் என்பது என் கருத்து. நெல்லைப் பேச்சு இழுத்து நிறுத்திப் பேசுவது. அதற்கு இந்த நடை பொருந்தும். சொல்லுக்கு 180 மில்லிசெகண்ட், காற்புள்ளிக்கு 300, முற்றுப்புள்ளிக்கு 600 என்று தொடங்கி, சத்தமாகப் படித்துப் பார்த்துத் திருத்துங்கள். வாக்கியம் முழுவதையும் முதலிலேயே கண்ணுக்குத் தெரியாமல் பரப்பிவைத்துவிட்டுப் பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தெரியவிடவேண்டும். இல்லையென்றால் புது வரி சேரச் சேரக் கீழே இருக்கிற தேர்வுகள் எல்லாம் நழுவிக்கொண்டே போகும். ஆடுபவர் ‘அண்ணாச்சி’யைத் தொடப்போய் ‘வே’யைத் தொட்டுவிடுவார்.

போனில் எழுத்தளவு 19 புள்ளி, வரி உயரம் 1.7. ஒரு திரைக்கு 50 சொல்லுக்கு மேல் போகாதீர்கள். இருபுறமும் சமமாக வரிசைப்படுத்தாமல் இடப்பக்கம் மட்டும் சீராக விடுங்கள். ‘கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ மாதிரிச் சொல் வந்தால் சமன் செய்யப்பட்ட வரியில் ஆறு வழிவிட்டதுபோல் இடைவெளி விழும்.

ஒலிக்கு நெல்லையப்பர் கோயில் இசைத்தூண் பக்கம்தான் எல்லார் மனமும் முதலில் போகும். விடிலியில் அதைவிடக் கதைக்கு உதவுகிற ஒலி இருக்கிறது. பதனி கொதிக்கத் தொடங்கும்போது குமிழிகள் வேகமாக, மெல்லிசாக உடையும். தண்ணீர் வற்றிப் பாகு கனக்கக் கனக்க குமிழி பெரிதாகி ‘பொத்… பொத்’ என்று நிதானமாகும். இந்த மாற்றத்தை மூன்று கட்டமாகப் பதிவுசெய்து அடுத்தடுத்து ஓடவிட்டால் விளையாட்டுக்குள் கடிகாரமே வேண்டாம். நேரம் போவதைக் காதே சொல்லும். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, விடிகாலையில், போனை அடுப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஒலிவாங்கியில் பஞ்சுறை போட்டுப் பதியுங்கள். ஆனி, ஆடியில் மேல்காத்து எழும்பிவிட்டால் பஞ்சுறையும் தாங்காது.

ஒலியை எம்பி3, மோனோ, 96 கேபிபிஎஸ் என்று வைத்தால் நிமிடத்துக்கு 720 கேபி ஆகும். எம்பி3 கோப்பின் முன்னும் பின்னும் ஒரு சிறு வெற்றிடம் சேர்ந்துவிடும் என்பதால் சுழலவிட்டால் ஒட்டுமிடத்தில் ‘டக்’ என்று கேட்கும். இரண்டு பிரதிகளை ஒன்றின் வால்மேல் இன்னொன்றின் தலை வரும்படி 2 நொடி மங்கவிட்டுச் சேருங்கள். ஆடுபவர் திரையைத் தொடும்வரை பிரவுசர் ஒலியை விடாது. ஆகையால் முதல் திரையில் கதையைத் தொடங்காமல் ‘விடிலிக்குள் போ’ என்று ஒரே பொத்தான் வையுங்கள்.

சின்ன விளையாட்டுகளை வெளியிடும் இட்ச் தளத்தில் ஏற்றும்போது ஜிப்பின் மேல்மட்டத்திலேயே இன்டெக்ஸ் கோப்பு இருக்கவேண்டும், கோப்புறைக்குள் ஒளிந்திருக்கக் கூடாது. விரித்தபின் 1,000 கோப்பு, 500 எம்பி என்பது எல்லை. இந்த அளவு விளையாட்டு 10 எம்பியைத் தாண்டாது. விண்டோஸ் கணினி கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது. அந்தத் தளம் பார்க்கும். வீட்டில் ஒலித்த கொதிப்புச் சத்தம் அங்கே ஒலிக்காவிட்டால் முதலில் அதைத்தான் பார்க்கவேண்டும். எல்லாப் பெயரையும் சின்ன ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வைத்துவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை.

ஏற்றிய பிறகு விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன் ஒன்றில், விளையாட்டே ஆடியிராத ஒருவரிடம் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பாருங்கள். ‘வே’ என்ற பொத்தானின் மேல் விரல் ஒரு கணம் நின்று தயங்குகிறதா என்று கவனியுங்கள். தயங்காமல் அழுத்தினால், அதற்கு முந்தைய திரையில் பெரியவரைச் சரியாக எழுதவில்லை என்று அர்த்தம். அங்கே போய்த் திருத்துங்கள்.