குமிஹிமோ தட்டில் பாசிமணி பிரேஸ்லெட்

ஜப்பானில் சாமுராய் கவசத்தின் தகடுகளைக் கோத்துக் கட்டியதும் வாள் உறையில் சுற்றியதும் குமிஹிமோ கயிறுதான், அதாவது பல இழைகளை மாற்றி மாற்றிப் பின்னிய கயிறு. 1876-ல் வாள் ஏந்தத் தடை வந்தபின் பின்னுபவர்கள் கிமோனோ இடைக்கச்சின் மேல் கட்டும் கயிறான ஓபிஜிமே பக்கம் திரும்பினார்கள். அவர்களுடைய மரப்பீடத்தின் வேலையை வீட்டில், நடுவில் துளையும் விளிம்பில் இழை மாட்ட 32 வெட்டும் உள்ள ஃபோம் தட்டு செய்துவிடும். 10 மி.மீ. தடிமன் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மெல்லிசுத் தட்டு சீக்கிரம் தளர்ந்து நூலை நழுவ விடும்.

முதலில் அளவு. மணி கோத்த பின்னல் 8 மி.மீ. தடிமன் வரும், அதனால் உள்சுற்று சுமார் 2.5 செ.மீ. குறையும். 16 செ.மீ. மணிக்கட்டுக்கு மொத்தம் 18.5 செ.மீ. வேண்டும். கொக்கியும் பின்னல்முனையில் ஒட்டும் மூடியும் 2.5 செ.மீ. எடுத்துக்கொண்டால் மணிப்பகுதி 16. இதற்கு 0.5 மி.மீ. நைலான் நூல் 180 செ.மீ. நீளத்தில் 4. நடுவில் சேர்த்து முடிச்சிட்டால் 8 இழை. இழைக்கு 50 வீதம் 8/0 அளவு (சுமார் 3 மி.மீ.) மணி முன்கூட்டியே கோத்துக்கொள்ளுங்கள், மொத்தம் சுமார் 10 கிராம். நூல்முனையில் சூப்பர் க்ளூ தடவி, காய்ந்ததும் சாய்வாக வெட்டினால் ஊசியே வேண்டாம்.

முடிச்சை நடுத்துளையில் வைத்து, தட்டின் மேல், கீழ், வலம், இடம் என்ற நான்கு புள்ளிக்கும் இருபுறம் ஒவ்வோர் இழையை வெட்டில் மாட்டுங்கள். மேல் வலது இழை கீழே வந்து கீழ் ஜோடிக்கு வலப்பக்கம் உட்காரும். கீழ் இடது இழை மேலே போய் மேல் ஜோடிக்கு இடப்பக்கம் உட்காரும். பிறகு தட்டுக்குக் கால் திருப்பம், எப்போதும் ஒரே திசையில். பாதியில் எழுந்து போவதென்றால் ஒரு பக்கம் மூன்று இழை நிற்கும்படி விடுங்கள். திரும்பி வந்ததும் எங்கே விட்டோம் என்று தெரியும்.

1 செ.மீ. வெறும் நூலாகப் பின்னிய பிறகு மணி. சிக்கல் ஆரம்பிப்பதும் இங்கேதான். இழையைத் தூக்கியதும் ஒரு மணியை நடுத்துளை வரை தள்ளி, குறுக்கே போகும் இழையின் அடியில் நுழைத்து, கீழே இழுத்துப் பிடித்தபடியே நூலை வெட்டில் மாட்ட வேண்டும். அடியில் போகாத மணி நூலின் மேல் துருத்தி நிற்கும். தட்டின் மேலிருந்து பார்த்தால் இது தெரியாது. நாலைந்து சுற்று கழித்துக் கயிறு துளைக்குக் கீழே இறங்கும்போதுதான் கண்ணில் படும். ஊசியால் குத்திச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள், ஆகாது. எதிர்த்திசையில் திருப்பி, ஒவ்வொன்றாகப் பிரித்தே ஆகவேண்டும்.

முடிச்சின் அடியில் 50 முதல் 100 கிராம் எடை தொங்கட்டும். குறைந்தால் மணிகள் துளையில் மிதக்கும். கூடினால் மணிகளுக்கு நடுவே நூல் பல்லைக் காட்டும்.

நிறத்துக்குச் சுலபமான வழி, ஒரே ஓர் இழையில் மட்டும் வேறு நிற மணி கோப்பது. அது பிரேஸ்லெட்டைச் சுற்றிச் சுற்றி ஏறும்.

கடைசியிலும் 1 செ.மீ. வெறும் பின்னல். தட்டிலிருந்து எடுக்கும் முன்பே தனி நூலால் இறுகச் சுற்றிக் கட்டிவிட்டு, பிறகு வெட்டுங்கள். மூடியை வாங்குமுன் அளக்க வேண்டியது இந்த வெறும் முனையைத்தான், மணிப்பகுதியை அல்ல. மூடிக்குள் இரண்டு குழாயாக வரும் எபாக்சி பசை, 24 மணி நேரம் காயட்டும். இங்கே மட்டும் சூப்பர் க்ளூ வேண்டாம்: நூல் மொடமொடவென்று ஆகி மூடியின் விளிம்பில் ஒடியும்.