தாய்ப்பெட்டியும் ஆண் தேனீக்களும்

1991-92இல் பரவிய தாய்லாந்து பைப்புழு நோய் குமரி மாவட்டத்துத் தேனீப் பெட்டிகளை வாரிக்கொண்டு போனது. புழுக்கள் கூட்டுப்புழுவாகும் தறுவாயில், நீர் நிறைந்த பை போல உப்பி, தலையை மேலே தூக்கியபடி அறைக்குள்ளேயே செத்தன. தப்பிய சில குடும்பங்களைப் பெருக்கியும், மரப்பொந்துகளிலிருந்து புதிதாகப் பிடித்து வந்தும்தான் மார்த்தாண்டம் பகுதியில் இத்தொழில் மறுபடியும் தலையெடுத்தது. அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, தேனீ வளர்ப்போர் சங்கம் ஒன்றின் ராணி வளர்ப்புப் பண்ணையில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். எந்தப் பெட்டியின் முட்டையிலிருந்து அடுத்த ராணிகளை எடுப்பது என்று முடிவு செய்வதே என் பொறுப்பு.

எங்கள் பதிவேட்டில் தேன் எடைதான் முதலில் வரும். ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை ரப்பர் மரத்தின் இளந்தளிர்க் காம்புகளில் இனிப்பான மதுநீர் சுரக்கும்போது, பெட்டி வைத்த இடம் நன்றாக அமைந்துவிட்டால் சுமாரான குடும்பம்கூட நிறையத் தேன் தந்துவிடும் என்பதால், எடையை மட்டும் நம்பித் தாய்ப்பெட்டியைத் தேர்ந்தெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. குடும்பம் அடிக்கடி இரண்டாகப் பிரியாமல் இருக்கிறதா, தென்மேற்குப் பருவமழையின் பஞ்ச காலத்தில் கூட்டை விட்டு ஓடாமல் தாங்குகிறதா, அடை கட்டிய மரச்சட்டத்தைத் தூக்கும்போது கொட்ட வராமல் அமைதியாக இருக்கிறதா என்பவற்றையும் எழுதி வந்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக நான் மதித்தது கூட்டைத் துப்புரவாக வைத்திருக்கும் குணத்தை. மூடிய புழு அறைகள் 100ஐ மெல்லிய ஊசியால் குத்திவிட்டு, மறுநாள் அதே நேரத்தில் எத்தனை அறைகள் சுத்தமாகியிருக்கின்றன என்று எண்ணுவேன். சில குடும்பங்கள் மூடியைத் திறந்து செத்ததை இழுத்து வெளியே போட்டிருக்கும். சில, திறந்துவிட்டு அப்படியே விட்டிருக்கும். திறப்பதும் அகற்றுவதும் தனித்தனியே மரபில் வரும் குணங்கள் என்று 1964இல் அமெரிக்கத் தேனீ ஆய்வாளர் ராத்தன்பூலர் எழுதியதை அந்தச் சட்டங்களில் நேரில் பார்ப்பது போல இருந்தது. இதில் இன்னும் பல மரபணுக்களுக்குப் பங்குண்டு என்பது பின்னால் தெரியவந்தது.

நான் பிழை செய்ததும் இங்கேதான். 17ஆம் எண் பெட்டி எல்லாக் குணத்திலும் முதலிடத்தில் நின்றது. அதன் மகள்களையே பண்ணை முழுவதும் ராணிகளாக வைத்தேன். மூன்றாம் ஆண்டில் அடைகளைத் தூக்கிப் பார்த்தால், பரப்பாக மூடியிருக்க வேண்டிய புழுக்கூட்டம் பல் விழுந்த வாய் போல இடையிடையே காலியாகக் கிடந்தது. செத்த புழு ஒன்றுகூட இல்லை. நோய் என்றே நினைத்து வாரக்கணக்கில் தேடினேன்.

பண்ணைக்கு வந்த முதியவர் ஒருவர் அடையை வெயிலில் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பொண்ணு வீட்டை மட்டும் பாத்தா போதுமாடே? மாப்பிள்ளை வீட்டையும் பாக்கணும்லா?"

ஆண் தேனீ கருவுறாத முட்டையிலிருந்து பிறக்கிறது. அதற்குத் தந்தை இல்லை. ஆகவே ஓர் ஆணைத் தேர்ந்தெடுப்பது என்றால் அதன் தாய் ராணியைத் தேர்ந்தெடுப்பதுதான். எங்கள் பண்ணையில் பறந்த ஆண்களில் பெரும்பாலானவை 17இன் மகன்களும் பேரன்களுமாகவே இருந்தன. தேனீ ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்யும் மரபணுவுக்குப் பல வடிவங்கள் உண்டு. கருவுற்ற முட்டைக்குத் தாய்வழியும் தந்தைவழியும் வெவ்வேறு வடிவங்கள் வந்தால் பெண் பிறக்கும். ஒரே வடிவம் இருமுறை வந்தால் ஆணாகிவிடும். அப்படிப்பட்ட ஆண் புழுக்கள் பொரித்த சில மணி நேரத்திலேயே பணித்தேனீக்கள் அவற்றைத் தின்றுவிடுகின்றன. ராணியிடம் உள்ள வடிவத்தையே தாங்கிய ஆணோடு அது சேர்ந்தால், அந்த ஆணின் வழியில் கருவுறும் முட்டைகளில் பாதி இப்படி வீணாகும். ராணி வானில் பல ஆண்களோடு சேர்வதெல்லாம் இந்த இழப்பைப் பங்குபோட்டுக் குறைக்கவும்தான் உதவுகிறது. அந்தப் பாதுகாப்பை நானே அடைத்துவிட்டேன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

அதன்பின் வேலையின் வரிசையே மாறியது. முட்டையிட்ட நாளிலிருந்து ராணி அறையை விட்டு வெளிவர 15, 16 நாட்கள் போதும். ஆணுக்கு ஏறக்குறைய 24 நாட்கள் வேண்டும், இணையத் தக்க முதிர்ச்சிக்கு மேலும் சில நாட்கள். ஆகவே ராணி அறைகளில் இளம்புழு வைக்குமுன் மூன்று வாரங்களுக்கு மேல் முந்தியே, ஒன்றுக்கொன்று உறவில்லாத நல்ல குடும்பங்களில் ஆண் அறைகளைக் கட்டவிடத் தொடங்கினோம். வானத்துக்கு வேலி இல்லாததால், சுற்றுவட்டார வளர்ப்போருக்கும், அவர்கள் கேட்காமலே, நல்ல ராணிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர்களுடைய பெட்டிகளிலிருந்து பறக்கும் ஆண்களும் எங்கள் ராணிகளைச் சேரும். ஆண்டுதோறும் பொந்துகளில் பிடித்த சில குடும்பங்களையும், தேன் எடை குறைவாக இருந்தாலும், ஊசிச் சோதனையில் தேறினால் சேர்த்துக்கொள்கிறோம்.

இந்த அக்டோபரில் 12 தாய்ப்பெட்டிகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அவற்றில் இரண்டு மட்டுமே 17இன் வழி வந்தவை. பணித்தேனீக்கள் ஆண் அறைகளை மூடத் தொடங்கிவிட்டன. அடுத்த வாரம் ராணி அறைகளில் இளம்புழு வைக்க வேண்டும்.